பெருமாள்சாமியின் கையெழுத்து

போன மாதம் சுகன்யா வீட்டுக்கு வந்தாள். நான் இருபது வருடத்துக்கு மேல் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கிற நூலகர் அவள். எங்கள் கிளை நூலகத்துக்கு மாடி கட்டி முடித்துவிட்டார்களாம். திறப்பு விழாவுக்கு ஒரு மலர் போடுகிறார்களாம். நூலகத்தின் வரலாற்றை நான் நான்கு பக்கத்தில் எழுதித் தர வேண்டுமாம். இனிமேல் வருகைப் பதிவேடு கிடையாது, வாசலில் மொபைலைக் காட்டினால் வருகை தானாக ஏறிவிடும் என்றும் பெருமையாகச் சொன்னாள். நல்லவேளை, நான் அதற்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். ஏன் அப்படி நினைத்தேன் என்பது போகப் போகத் தெரியும்.

காபியைக் குடித்து முடித்துவிட்டு அவள் கேட்டாள்.

"மேடம், ஊருக்குள்ள யாரக் கேட்டாலும் செசிலி, செசிலின்னுதான் சொல்றாக. பணியாளர் பட்டியல்ல அப்படி ஒரு பேரே இல்லையே. யாரு மேடம் அவுக?"

ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. முழங்கால் தேய்ந்துவிட்டது, ஒரு கண்ணில் அறுவைச் சிகிச்சை முடிந்துவிட்டது. ஆனால் அந்தப் பெயரைக் கேட்டதும் வயிற்றில் எரிந்தது பாருங்கள், அது மட்டும் முதல் நாள் எரிந்த மாதிரியே இருந்தது.

கம்பத்திலிருந்து கூடலூர் போகிற வழியில் இருக்கிறது எங்கள் ஊர். நூலகம் முதலில் ஓர் உரக்கடையின் மாடியில் இருந்தது. அந்தக் காலத்துப் புத்தகங்களை இன்றைக்கு விரித்தாலும் யூரியா வாசனை அடிக்கும். பிறகு கால்நடை மருந்தகத்துக்குப் பின்னால் ஓர் அறை. நான் வந்தபோது அங்கேதான் இருந்தது. பத்திரிகை படிக்கிறவர்களுக்குப் பக்கத்தில் சினை ஊசிக்கு வந்த மாடு கத்தும். சொந்தக் கட்டடம் என் காலத்தில் வந்தது. அதற்காக நான் எழுதிய மனுக்களை அடுக்கினால் ஓர் அலமாரி நிறையும். அதையெல்லாம் ஊர் மறந்துவிட்டது. செசிலியை மறக்கவில்லை.

என்னைப் பற்றி ஒரு பத்தி சொல்லிவிடுகிறேன். மதுரையில் நூலகச் சான்றிதழ்ப் படிப்பு முடித்தேன். வகுப்பில் நான்தான் முதல். யாரும் கேட்காவிட்டாலும் இன்னும் சொல்லிக்கொள்கிறேன். புத்தகத்தை வரவுப் பதிவேட்டில் ஏற்றுவது, வகைப்பாட்டு எண் போடுவது, முதல் பக்கத்தில் ஒரு முத்திரை குத்துவது, திருடுகிறவன் கண்ணில் படாதபடி உள்ளே ஓர் இரகசியப் பக்கத்தில் இன்னொன்று குத்துவது, கடைசியில் தேதிச் சீட்டு ஒட்டுவது, எல்லாம் எனக்குக் கைவந்த வேலை. ஆண்டிபட்டிப் பக்கம் மூன்று வருடம் இருந்துவிட்டு இங்கே மாற்றலாகி வந்தேன்.

வந்த அன்று காலையில் முதல் வாசகி உள்ளே நுழைந்தாள். ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போய் வருகிற ஈஸ்வரி. அன்று வேலை இல்லை போலிருக்கிறது. புது நூலகர் நிமிர்ந்து உட்கார்ந்து, "வாங்க, என்ன புத்தகம் வேணும்?" என்று கேட்கிறேன். அவள் என் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, "செசிலிக்கா இல்லையா?" என்றாள்.

செசிலி பின்னால் கூட்டிக்கொண்டிருந்தாள். ஆமாம், அவள் நூலகத்தைக் கூட்டிப் பெருக்க வந்த பகுதி நேரப் பணியாள். ராயப்பன்பட்டியில் பிறந்து இந்த ஊருக்கு வாக்கப்பட்டவள். பத்தாவது வரை படிப்பு. காலையில் ஒரு மணி நேரம் வேலை பார்த்துவிட்டுப் போகலாம். அவள் போக மாட்டாள். துடைக்க எடுத்த புத்தகத்தை நின்றபடியே படிக்க ஆரம்பித்து, மதியம் நான் கதவைச் சாத்தும்போது முடித்திருப்பாள். அப்படியே ஓர் அலமாரி விடாமல் படித்திருந்தாள். படித்ததோடு விட்டால் பரவாயில்லை. எந்தப் புத்தகம் யாருக்கு ஆகும் என்றும் தெரிந்து வைத்திருந்தாள்.

"இதுல முடிவு நல்லாருக்காது ஈஸ்வரி. ஒனக்கு இப்ப மனசு சரியில்லேல்ல, அடுத்த மாசம் தாரேன். இப்ப இதக் கொண்டு போ, சிரிப்பா இருக்கும்."

இப்படித்தான் பேசுவாள். ஈஸ்வரியும் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போவாள். நான் தேதி முத்திரை குத்துவேன். படித்துச் சான்றிதழ் வாங்கியவள் முத்திரை குத்த, விளக்குமாறு பிடித்தவள் நூலகராக இருந்தாள். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

நானும் முயன்று பார்த்தேன். செசிலி வராத ஒரு நாளில் ஈஸ்வரிக்கு நானே ஒரு நாவலைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். பரிசு வாங்கிய நாவல். மறுநாளே திரும்பி வந்தது. "எழுத்தெல்லாம் நல்லாத்தான் மேடம் இருக்கு. ஆனா செசிலிக்கா எடுத்துக் குடுத்தாத்தான் எனக்குச் சரிப்படும்" என்றாள். டாக்டரை மாற்றினால் மருந்து கேட்காது என்பது மாதிரி.

கைராசி என்று ஒன்று இருக்கலாம். ஆனால் அது என் கையில் இல்லாமல் அவள் கையில் இருந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அந்த வருடம் நூலக வார விழாவில் வாசகர் வட்டத்தார் சால்வை கொண்டுவந்தார்கள். கொண்டுவந்தது ஒன்று. மேடையில் உட்கார்ந்திருந்தது நான். போர்த்தியது, கடைசி வரிசையில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தவளுக்கு. அவள் கூச்சத்தில் ஓடப் பார்த்தாள், பிடித்து நிறுத்திப் போர்த்தினார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். என் கை தட்டிய சத்தம் எனக்கே பிடிக்கவில்லை.

மறுநாள் காலையில் அவளைக் கூப்பிட்டேன்.

"செசிலி, ஆய்வுக்கு வந்தா எனக்குத்தான் பேச்சு. இனிமே புத்தகத்தைத் தொடாதே. கூட்டி முடிச்சதும் கிளம்பிரு. வாசகர்கள் கேட்டா என்கிட்ட அனுப்பு."

சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "சரிங்க மேடம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்களே ஊகிக்கலாம். ஜீப்பில் போகும் பெண்கள் முதலில் நின்றார்கள். அப்புறம் திராட்சைத் தோட்டத்து ஆட்கள். பேப்பர் படிக்கிற பெரியவர்கள் நாலைந்து பேர் மட்டும் மிஞ்சினார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் மழையைக் குறை சொன்னேன், டிவியைக் குறை சொன்னேன். செசிலியைப் புத்தகம் தொடவிடாததைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.

அப்போதுதான் மாவட்ட அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. வருகை குறைந்த கிளைகளைத் தரம் இறக்குவது பற்றி யோசிக்கிறார்கள், வருகைப் பதிவேடுகளை ஆய்வு செய்வார்கள் என்று. தரம் இறங்கினால் என் பணிப் பதிவேட்டில் அது ஏறும். கூட்டிப் பெருக்குகிறவள் புத்தகம் எடுத்துக் கொடுத்த வரை நிறைந்திருந்த நூலகம் என் கையில் காலியானது என்று நாலு பேர் சொல்வார்கள். இரண்டாவதைத்தான் என்னால் தாங்கியிருக்க முடியாது.

வருகைப் பதிவேட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வாசகர் உள்ளே வந்ததும் வாசல் மேசையில் இருக்கிற நீள நோட்டில் பெயரும் ஊரும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பூட்டும்போது நூலகர் சிவப்பு மையில் கோடு இழுத்து, எண்ணிக்கை போட்டு, ஒப்பமிட வேண்டும். அந்தச் சிவப்புக் கோட்டுக்கு மேல் நானே கையெழுத்துப் போட ஆரம்பித்தேன்.

அதிலும் நான் ஒழுங்கானவள். உறுப்பினர் பதிவேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். மூன்று பேனா, ஒன்றில் மை கசியும். சில பெயர்களை இடது கையால் எழுதுவேன். வாரம் ஒருமுறை வருகிறவர்களை வாரம் ஒருமுறையும், தினமும் வருகிறவர்களைத் தினமும் வரவைப்பேன். தினமும் வருகிறவர்களில் எம். பெருமாள்சாமி என்று ஒருவர். சுலபமான கையெழுத்து, 'பெ' போட்டு ஒரு நீண்ட கோடு. அவர் வராத நாளில் முந்தின பக்கத்தைப் பார்த்து நான் போட்டுவிடுவேன். பெருமாள்சாமி யார், முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. யாருடைய பெயர் எந்த முகத்துக்கு உரியது என்று எனக்கு எப்போதுமே தெரிந்ததில்லை. எனக்கு எண்கள்தான் நினைவில் நிற்கும்.

ஒரு வியாழக்கிழமை காலை ஆய்வாளர் வந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். அவருடைய முறையே தனி. சொல்லாமல் பஸ்ஸில் வருவார். பஸ் நிலையத்திலிருந்து நடந்து வருவார். வந்ததும் நூலகர் மேசைக்கு வர மாட்டார், வாசகர் நாற்காலியில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேப்பர் படிப்பார். நாம் கொடுக்கிற தண்ணீரைக்கூடத் தொட மாட்டார், பையில் பாட்டில் இருக்கும். குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. பதிவேட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்து திருப்புவார். ஓர் அடிக்கோலை வரிக்குக் கீழே வைத்து, ஒவ்வொரு வரியாகப் பார்த்து நகர்த்துவார். தப்பு கண்ட இடத்தில் அடிக்கோல் நிற்கும். அவர் பேச மாட்டார், நாமாகப் பேசுகிற வரைக்கும் அது நகராது.

அன்று நின்றது.

"இந்தப் பெருமாள்சாமி யாரும்மா?"

"தினமும் வர்ற வாசகர் சார்."

"அப்படியா. நேத்தும் வந்தாரா?"

"வந்தார் சார்."

"நீங்க பாத்தீங்களா?"

"பார்த்தேன் சார்."

அவர் பேனாவை மூடி மேசையில் வைத்தார். "உங்க காம்பவுண்டுச் சுவத்துலயே ஒட்டியிருக்காங்களேம்மா. நான் படிச்சிட்டுத்தான் உள்ள வந்தேன்."

கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி. பெரிய எழுத்தில் பெயர், படம், லோயர் கேம்ப் வாய்க்காலில் மதகு திறக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்ற விவரம், பதினாறாம் நாள் காரியம் நடக்கிற தேதி. பன்னிரண்டு நாளாக அது அங்கே இருந்தது. நான் தினமும் அதைத் தாண்டித்தான் வந்தேன். நூலகச் சுவரில் ஒட்டுகிறார்களே என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தேனே தவிர, ஒருநாளும் நின்று படிக்கவில்லை. ஜன்னலோரம் ஒரு பெரியவர் உட்காருவாரே, சில நாளாகக் காணோமே என்று மட்டும் ஒருமுறை தோன்றியது. அவர்தான் பெருமாள்சாமி என்பது அந்த நிமிடம்தான் எனக்குத் தெரிந்தது. செத்துப்போன மனிதரை அத்தனை நாளும் பேப்பர் படிக்க வரவழைத்திருக்கிறேன்.

ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருக்கும். வாசகர்களோடு நாலு வார்த்தை பேசுகிற எந்த நூலகரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்.

"யார் போட்டதும்மா இந்தக் கையெழுத்து?" என்றார் ஆய்வாளர்.

அலமாரிக்குப் பின்னால் விளக்குமாற்றுச் சத்தம் நின்றது.

"நான்தான் சார் போட்டேன்."

செசிலி. இடுப்பில் முந்தானையைச் செருகியபடி வந்து நின்றாள்.

"நீ யாரும்மா?"

"கூட்டுறவ சார்."

"ஏன் போட்டே?"

"அவரு இருந்த வரைக்கும் ஒரு நா தவறாம வருவாரு சார். அந்தச் சேரு சும்மா கெடக்கறதப் பாக்க மனசு கேக்கல. பதினாறு முடியற மட்டும் போட்டு வப்போம்னு போட்டேன். மேடத்துக்குத் தெரியாது சார்."

எவ்வளவு அழகான பொய்! அந்த நேரத்திலும் என் புத்தி எங்கே போனது தெரியுமா? இப்படி ஒரு பொய் எனக்குத் தோன்றவில்லையே என்று போனது.

ஆய்வாளர் அவளைப் பார்த்தார். பிறகு அடிக்கோலை எடுத்துப் பெருமாள்சாமிக்கு மேலே இருந்த பெயரின் கீழ் வைத்தார். அதற்கு மேலே இருந்த பெயர். அதற்கும் மேலே. எல்லாம் என் கை. அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன். அடிக்கோலைப் பைக்குள் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க ஏதாவது சொல்லணுமாம்மா?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தார். பேப்பர் படித்துக்கொண்டிருந்த இரண்டு பெரியவர்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். பக்கத்து மருந்தகத்தில் ஒரு மாடு கத்தியது. என் வேலை, என் பெயர், வகுப்பில் நான் முதல் என்பது, எல்லாம் கண் முன்னால் வந்தது. செசிலியை நிரந்தரமாக்கச் சொல்லும் கோப்பு அப்போது மாவட்ட அலுவலகத்தில் இருந்தது. அதுவும் எனக்குத் தெரியும், ஏனென்றால் எனக்கு முந்தி இருந்த நூலகர் எழுதி அனுப்பிய பரிந்துரை அது.

"இல்ல சார்" என்றேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, நூலகத்துக்கு விடுமுறை. சனிக்கிழமை காலை உத்தரவு வந்தது. செசிலியைப் பணியிலிருந்து நிறுத்தும் கடிதத்தை நானே என் கையால் எழுதிக் கொடுத்தேன். அந்தக் கையெழுத்து மட்டும் ஒழுங்காக என் பெயரில் இருந்தது. வாங்கிப் படித்தாள், மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்தாள், விளக்குமாற்றைக் கதவுக்குப் பின்னால் சாத்திவிட்டுப் போனாள். பரிந்துரைக் கோப்பு அப்படியே மூடப்பட்டது. அதனால்தான் சுகன்யாவின் பட்டியலில் அவள் பெயர் இல்லை.

அதன் பிறகு நான் திருந்தினேன், பயத்தில்தான். வருகிறவர்களின் பெயரைக் கேட்டேன், வீட்டைக் கேட்டேன், படித்ததைப் பற்றிப் பேசினேன். நானும் புத்தகங்களைப் படித்தேன். ஒரு வருடத்தில் கூட்டம் திரும்பியது. சொந்தக் கட்டடம் வந்தது. நல்ல கிளை என்று ஒரு சான்றிதழும் வந்தது. ஒருநாள் ஈஸ்வரிக்கு ஒரு புத்தகம் எடுத்துக் கொடுத்து, "இதை ராத்திரி ஆரம்பிக்காதே, தூங்க மாட்டே" என்றேன். அவள் முகம் மலர்ந்து சொன்னாள்: "அப்படியே செசிலிக்கா மாதிரியே சொல்றீக மேடம்!"

அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சுகன்யா வந்துபோன பிறகு நான்கு பக்கமும் எழுதினேன். உரக்கடை, கால்நடை மருந்தகம், சொந்தக் கட்டடம், எல்லாம் இருந்தது. செசிலி இல்லை. திரும்பப் படித்தேன். பொய் எதுவும் இல்லை, ஆனாலும் அந்தப் பழைய பதிவேட்டைப் படிப்பது போலவே இருந்தது. பழைய பழக்கத்தில், விடுமுறை நாளான வெள்ளிக்கிழமை பார்த்து அவள் வீட்டுக்குப் போனேன்.

கோயில் தெருவில் வீடு. கோயில் என்றால் அங்கே மாதா கோயில். வாசலில் முறத்தில் ஏலக்காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். பச்சை ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம். மடியில் ஒரு நாவல் கவிழ்ந்து கிடந்தது. எங்கள் நூலக முத்திரை. என்னைவிட ஒரு வயதுதான் குறைவு, கண்ணாடிகூட இல்லாமல் படிக்கிறாள். அதற்கும் எரிந்தது.

"வாங்க மேடம். இந்த வெயில்ல எதுக்கு வந்தீக? சொல்லிவிட்டா நான் வந்துருப்பேன்ல."

உட்கார்ந்தேன். சுற்றி வளைக்கத் தெரியவில்லை. "அன்னைக்கு எதுக்கு செசிலி எனக்காக அப்படிச் சொன்னே?" என்றேன்.

அவள் கை நிற்கவில்லை. "ஒங்களுக்காகன்னா நெனச்சீக?" என்று சிரித்தாள். "கோவிச்சுக்கிறாதீக, எனக்கு ஒங்களப் புடிக்கவே புடிக்காது. நீங்க வாரதுக்கு முந்தி, பழைய சார மாத்திப்புட்டு ஆள் போடாம மாசக்கணக்கா பூட்டிப் போட்டாக. மழ ஒழுகி ஒரு அலமாரிப் பொஸ்தகம் பூராம் ஊறிப் போச்சு. ஒங்கள சஸ்பெண்டு பண்ணுனா மறுபடியும் பூட்டுத்தான். நான் போனா என்ன, கூட்டுறதுக்கு இன்னொருத்தி வருவா."

அவ்வளவுதான். வரலாறு எழுத உட்கார்ந்த எனக்கு, நூலகம் பூட்டிக் கிடந்தது தெரியாது. பூட்டியிருந்த நாட்களுக்குப் பதிவேட்டில் பக்கம் கிடையாது அல்லவா? இத்தனை காலம் நான் நினைத்துக்கொண்டிருந்தது வேறு. எனக்காக ஒருத்தி தன் பிழைப்பையே விட்டாள், அந்த அளவுக்கு நான் ஒரு ஆளாக இருந்தேன் என்று உள்ளூர ஒரு நினைப்பு. குற்ற உணர்ச்சிக்குள்ளேயே ஒரு பெருமை. அதையும் ஏலக்காய்ச் சொத்தை மாதிரி எடுத்து ஓரத்தில் போட்டுவிட்டாள்.

"நடந்ததை மலர்ல எழுதலாமான்னு கேக்க வந்தேன்" என்றேன்.

"எழுதுங்க. நான் பொய் சொன்னதையும் சேத்து எழுதுங்க. எனக்கென்ன, அந்தச் சனிக்கெழம சாயங்காலமே சாமியார்ட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லி எறக்கி வச்சுட்டேன்." ஒரு வெடித்த காயைத் தள்ளிப் போட்டாள். "நீங்க யாருகிட்ட சொன்னீக?"

"யாருகிட்டயும் சொல்லல."

"ஒங்க வீட்டுக்காரர்ட்ட?"

"அவர் போய்ச் சேர்ந்தே நாலு வருசம் ஆச்சு. அவர்கிட்டயும் சொன்னதில்லை."

அப்போதுதான் அவள் கை நின்றது. முறத்தைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"இத்தன வருசமாவா மேடம்?"

எழுந்து உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றாள். அவளுக்குக் கிடைத்த சால்வையைப் பார்த்து எரிந்திருக்கிறேன், வாசகர்களைப் பார்த்து எரிந்திருக்கிறேன், அந்தப் பொய்யைப் பார்த்துக்கூட எரிந்திருக்கிறேன். ஆனால் அவள் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டாளே, அதை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் அந்த நான்கு பக்கத்தையும் கிழித்துப் போட்டுவிட்டு, சுகன்யாவின் மலருக்கு இதை எழுத உட்கார்ந்தேன்.